நிலைக்கடியில் கிடந்த இரண்டு பத்துப் பைசா

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஆறு, தங்கியது நாலு. செத்துப்போன நாத்தனாரின் மகளையும் சேர்த்தால் நான் வளர்த்தது ஐந்து. ஐந்துக்கும் கல்யாணம் செய்துவைத்தேன். ஒருத்தர் வாசலில் போய் நின்று கை நீட்டினது கிடையாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருகிற சங்கதி இல்லை.

கச்சிராயபாளையம் பக்கத்தில் கல் அறுத்துப் பிழைத்தவள் நான். செங்கல்லைத்தான் நாங்கள் கல் என்போம். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலை. மிதித்துக் குழைத்த மண்ணை உருட்டி, அச்சில் ஓங்கி அடித்து, மேலே வழித்து, களத்தில் கவிழ்த்து எடுத்தால் ஒரு கல். அச்சின் அடியில் ஒரு பலகை இருக்கும். அதில் சூளைக்கார முதலாளியின் பெயரில் இரண்டு எழுத்தைக் குடைந்திருப்பார்கள். பலகையில் எழுத்து திரும்பி இருக்கும், குழிந்து இருக்கும். கல்லில் நேராக எழும்பி வரும். நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. என் வாழ்நாளில் முதலில் பார்த்துப் பழகின எழுத்தே அந்தப் பலகையில் திரும்பிக் கிடந்த இரண்டு எழுத்துத்தான். பின்னாளில் முதியோர் வகுப்பில் சேர்ந்து எழுதப் பழகியபோது சில எழுத்தைத் திருப்பியே போட்டேன். டீச்சருக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, சொல்லிக்கொள்ளவில்லை.

கல்லில் தப்பு மூன்று விதமாக வரும். பலகை குடைகிறவன் கை தவறி ஒரு எழுத்தை இரண்டு தடவை குடைந்துவிட்டால் அந்தப் பலகையில் அறுக்கிற கல் அத்தனையிலும் அந்த எழுத்து இரட்டையாகத்தான் விழும். ஆயிரம் அறுத்தாலும் ஆயிரமும் அப்படித்தான். அது அச்சுத் தப்பு. பலகை நன்றாக இருந்து, அச்சைத் தூக்கும்போது என் கை நழுவினால் அந்த ஒரு கல்லில் மட்டும் எழுத்து இழுபட்டு இரட்டை மாதிரி தெரியும். அடுத்த கல் ஒழுங்காக வரும். அது கைத் தப்பு. மூன்றாவது, எல்லாம் சரியாக விழுந்த பிறகு, பச்சைக்கல் காய்கிறபோது நாய் மிதித்துவிட்டுப் போகிறது. அது கல்லின் தப்பும் இல்லை, அச்சின் தப்பும் இல்லை. பின்னால் பட்ட அடி. என் இரண்டாவது பிள்ளை நடக்கப் பழகின வருஷம் ஒரு கல்லில் கால் வைத்துவிட்டது. அந்தக் கல்லைச் சூளையில் வேகவைத்து விற்றுவிட்டார்கள். பிள்ளை தங்கவில்லை. கல் எந்தச் சுவரில் இருக்கிறதோ.

இந்த மூன்றையும் நான் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே பிரித்துச் சொல்வேன். சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவள்தான் ஒரு பத்துப் பைசாவில் ஏமாந்தேன்.

போன வருஷம் எங்கள் பழைய மண்சுவர் வீட்டைப் பிரித்தோம். அதே இடத்தில் மேலே கான்கிரீட் தளம் போட்ட வீடு கட்டவேண்டும் என்பது என் கடைசி மகனின் ஆசை. அவன் வெள்ளிமலைக்குச் சாமான் ஏற்றுகிற வேன் ஓட்டுகிறான். சீட்டு எடுத்த பணமும், நான் வளர்த்த ஆடுகளை விற்ற பணமும் தளத்துக்கென்று அவன் பேரில் பேங்கில் கிடந்தன. மழைக்கு முன்னால் தளம் போட்டுவிட வேண்டும் என்பதுதான் பேச்சு.

பழைய வாசல் நிலையைப் பெயர்த்தபோது வலது நிலைக்காலின் அடியில் இரும்புத்துண்டும் காசும் வந்தன. நிலை வைக்கிற அன்று அடியில் காசு போடுவது வழக்கம். போட்டவள் நான்தான். காசு, பூ மாதிரி ஓரம் நெளிந்த பழைய அலுமினியப் பத்துப் பைசா. மகன் அதை லுங்கியில் துடைத்துப் பார்த்தான். சிங்கம் இருக்கிற பக்கத்தில், சிங்கத்தின் மாரின்மேல் பத்து என்ற எண் பதிந்திருந்தது. நேராக இல்லை. முன்னால் சைபர், பின்னால் ஒன்று.

"யம்மா, இத பாரு. பத்து திரும்பிக்கினு கீது" என்றான்.

மேஸ்திரி, சித்தாள் இரண்டு பேர், மருமகள், பக்கத்து வீட்டுக்காரி, எல்லாரும் நின்றிருந்தார்கள். காசு என் கைக்கு வந்தது. திரும்பி இருக்கிறது, குழிந்து இருக்கிறது. திரும்பியும் குழிந்தும் இருப்பது எது? பலகை. எனக்கு வேறு யோசனையே வரவில்லை.

"இது அச்சுத் தப்புடா. காசு அடிக்கிற எடத்துலயே ஆயிப்போன தப்பு" என்றேன்.

ஆயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், கல்லைத் தட்டியே எந்தச் சூளை என்று சொல்கிற கை என்றார் மேஸ்திரி. எனக்குக் குளிர்ந்துபோனது. காசடிக்கிற இடத்தைப் பற்றி நாலு பேரை நிற்க வைத்துச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பிளந்து கேட்டாள். அந்தப் பத்து நிமிஷத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மறுநாளே மகன் செல்லில் எதையோ தேடிப் பிடித்துவிட்டான். தப்பாக அடித்த காசுக்கு லட்சம் லட்சமாகக் கொடுக்கிறார்கள் என்று ஒருத்தன் அதில் பேசினான். படம் அனுப்பச் சொன்ன நம்பருக்கு மகன் படம் அனுப்பினான். சாயந்திரமே அழைப்பு வந்தது, லட்சக்கணக்கில் விலை சொன்னார்கள்.

நான் இரும்புத்துண்டைக் கழுவினது அதற்கு மூன்றாம் நாள். பழைய ஏர்க் கொழு அது. புதுநிலைக்கும் அடியில் வைக்கலாமே என்று துருவைச் சுரண்டினேன். அதில் ஒட்டிக்கொண்டு இன்னொரு பத்துப் பைசா இருந்தது. இதில் எண் இருக்கிற பக்கத்தில் சிங்கம் குழிந்து பதிந்திருந்தது. கை தானாக வேலை செய்தது. முதல் காசை எடுத்து இதன்மேல் வைத்துத் திருப்பினேன். ஒரு இடத்தில் சட்டென்று உட்கார்ந்தது. அச்சும் கல்லும் மாதிரி அசையாமல் உட்கார்ந்தது.

அப்போதுதான் அந்த நாள் முழுசாக ஞாபகத்துக்கு வந்தது. நிலைக்கால் ஒரு விரல்கடை குட்டையாகிவிட்டது என்று தச்சர் வைதுகொண்டே வந்தார். அடியில் கருங்கல். கருங்கல்மேல் என் இரண்டு காசு, முகத்தோடு முகம். அதன்மேல் முட்டுக்கொடுக்க அந்தக் கொழு. கொழுவின்மேல் நிலைக்காலை நிறுத்தி, தச்சர் சம்மட்டியால் போட்டார் பாருங்கள், பத்துப் பதினைந்து அடி. அலுமினியக் காசு வெந்த கிழங்கு மாதிரி. நசுங்காமல் என்ன செய்யும்? நன்றாகத் தடவிப் பார்த்தேன். திரும்பின பத்துக்கு அடியில் சிங்கத்தின் மார் நசுங்கிப்போயிருந்தது. பலகையில் எழுத்துக்கு அடியில் இன்னொரு உருவம் நசுங்கிக் கிடக்காது. இதை முதல் நாளே தடவியிருக்க வேண்டும். திரும்பின எழுத்தைக் கண்ணால் பார்த்தேன், விரலை வைக்கவில்லை. நாய் மிதித்த கல்லைப் பார்த்து அச்சுத் தப்பு என்று சொல்லிவிட்டேன்.

மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்து இரண்டு காசையும் சேர்த்துக் காட்டினேன். உங்கப்பன் இருக்கும்போது இப்படி இப்படி நடந்தது, தச்சர் அடித்த அடி இது என்று சொன்னேன். அவன் இரண்டாவது காசை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். முகம் மலர்ந்தது.

"அப்ப ரெண்டு கீதா? சொல்லவே இல்லியே."

"டேய், நான் சொல்றது இன்னா, நீ கேக்கறது இன்னா?"

"நீதானம்மா சொன்ன, அச்சுத் தப்புன்னு. மேஸ்திரி கூட இருந்தாரு இல்ல."

அன்றைக்கு நான் தெரியாமல் சொன்னதை எல்லாரும் கேட்டார்கள். இன்றைக்குத் தெரிந்து சொல்வதைப் பெற்ற பிள்ளை கேட்கவில்லை. இரண்டாவது காசையும் படம் பிடித்து அனுப்பிவிட்டான். சோடியாக இருந்தால் விலை இன்னும் ஜாஸ்தி என்று பதில் வந்ததாம்.

மருமகள் மட்டும் என் பக்கம். ஆனால் அவள் பேச்சும் எடுபடவில்லை. வெளியாள் யாராவது சொன்னால் கேட்பான் என்றாள். கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒருத்தர் பழைய காசை அட்டையில் செருகிப் பரப்பி வைத்து உட்கார்ந்திருப்பார். பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். காசு இரண்டும் சுருக்குப்பையில்.

அவர் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அடிபட்ட காசு ஆயா. வெலைக்கு ஆவாது."

தெரியும் என்றேன். தெரிந்தால் ஏன் வந்தாய் என்று சிரித்தார். தப்பாக அடித்த நிஜக் காசு எப்படி இருக்கும், காட்டு என்று கேட்டேன். வியாபாரம் இல்லாத நேரம், அவரும் காட்டினார். ஒன்றில் உருவம் ஒரு பக்கம் ஒதுங்கிப்போய் மறுபக்கம் பிறை மாதிரி வெறுமையாக இருந்தது. அச்சைக் கோணலாக வைத்துவிட்டான் என்றேன். நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு அட்டையிலிருந்து இரண்டு காசை எடுத்து வைத்தார். இரண்டிலும் ஒரே எழுத்து, ஒரே இடத்தில், ஒரே மாதிரி இரட்டை. ஒன்று சேலத்தில் கிடைத்ததாம், ஒன்று உளுந்தூர்பேட்டையில்.

"பலகையே ரெட்டை" என்றேன். "இது ரெண்டு மட்டும் இருக்காது, ஊர்ல நெறைய இருக்கும்."

மூன்றாவதாக ஒன்றை வைத்தார். அதிலும் எழுத்து இரட்டை மாதிரித்தான் இருந்தது. தடவினேன். ஓரம் வழிந்து தட்டையாக இருந்தது. இது கை நழுவினது, இதற்கு விலை சொல்லாதே என்றேன்.

"ஆயா, நீ எந்தக் காசு பாக்டரில வேல பாத்த?"

"கல்லு அறுத்தேன்."

அவர் சிரிக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். வருஷத்துக்குக் கீழே சின்னதாக ஒரு குறி இருக்கும் என்று கண்ணாடி வழியாகக் காட்டினார். நட்சத்திரம் என்றால் ஐதராபாத், வைரம் மாதிரி இருந்தால் பம்பாய், ஒன்றுமே இல்லை என்றால் கல்கத்தா. குறி இல்லாததைக் கள்ளக்காசு என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் உண்டாம். சூளைக்குச் சூளை முத்திரை மாறுகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோனது. என் வயதில் ஒரு புதுவேலை எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது என்பதில் அத்தனை சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னதைச் சொன்னேன். மகன் கேட்டது ஒரே கேள்விதான். அந்த ஆள் காசு விற்கிறவர்தானே? ஆமாம். அப்படியென்றால் மதிப்பு இல்லை என்று சொல்லித்தானே கம்மி விலைக்குப் பிடுங்கப் பார்ப்பார். நல்லவேளை கொடுக்காமல் வந்தாய் என்று என்னைத்தான் மெச்சினான்.

அவன் கெட்டவன் இல்லை, முட்டாளும் இல்லை. வேனில் ஏற்றுகிற மூட்டையைப் பார்த்தே எடை சொல்வான். மலையில் முப்பது வளைவையும் மழையில் ஓட்டுவான். ஆனால் புதுச்சுவர் எழும்பி நின்ற அந்தக் கூடத்தை, மேலே வானம் தெரிகிற அந்த நாலு சுவரை, தினம் வந்து பார்ப்பான். மாடியும் சேர்த்துக் கட்டலாம், எனக்கென்று தனி அறை, மேற்கத்திய கக்கூஸ் என்று மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். என் முட்டிவலிக்காக அந்தக் கக்கூஸ். அதைக் கேட்ட பிறகு எப்படிக் கோபப்படுவது?

மலைக்கு மேலே போனால் சிக்னல் கிடைக்காது. அழைப்பு வந்து தவறிவிடும் என்று வெள்ளிமலைக்கு ஓட்டுவதையே நிறுத்திவிட்டான். வேன் வாசலில் நின்றது. ஆவணியில் மலையில் மேகம் இறங்க ஆரம்பித்தது.

ஒருநாள் அவன் குளிக்கப் போயிருந்தபோது செல் அடித்தது. நான் எடுத்தேன். நல்ல பணிவான குரல், எந்த ஊர்ப் பேச்சு என்றே தெரியவில்லை. காசு பத்திரமாக இருக்கிறதா அம்மா என்று கேட்டான். இருக்கிறது என்றேன். பிறகு ஒன்று கேட்டேன்.

"அந்தக் காசுல பத்து எழும்பி கீதா, குழிஞ்சி கீதா?"

"எழும்பிதாம்மா இருக்கு. ரொம்ப நல்லா எழும்பி இருக்கு. அதனாலதான் இந்த விலை."

செல்லைக் கீழே வைத்தேன். மகன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். குழிந்த காசை எழும்பியது என்கிறான்டா, அவன் காசையே பார்க்கவில்லை என்றேன். மகன் படத்தை எடுத்துக் காட்டினான். வெளிச்சம் பட்ட கோணமோ என்னவோ, படத்தில் அந்தப் பத்து எழும்பித்தான் தெரிந்தது. கண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியும். விரல் வைத்துப் பார்க்கலாம் என்றால் செல் கண்ணாடி வழுவழுவென்று இருக்கிறது.

கடைசி முயற்சியாக இரண்டு காசையும் அரிசிக் குதிரில் ஒளித்து வைத்தேன். காசு இல்லாவிட்டால் எதை விற்பான்? இரண்டு நாள் அவன் தேடவே இல்லை. செல்லில் பேசினவர்களுக்குக் காசு வேண்டியிருக்கவில்லை, படம் போதுமானதாக இருந்தது. நான் அறுத்த ஒரு கல்லையும் யாரும் தட்டிப் பார்க்காமல் வாங்கியதில்லை. பொருளைப் பார்க்காமல் ஒருத்தன் லட்சம் கொடுப்பானா என்று கேட்டேன். மகன் அதற்கும் பதில் வைத்திருந்தான். முதலில் பதிவுப் பணம், அப்புறம் வரி, அப்புறம் வண்டி வைத்து ஆள் வந்து வாங்கிக்கொள்வார்கள், கட்டினதும் சேர்த்துத் திரும்பி வரும். நானும் மருமகளும் அவன் காலைப் பிடிக்காத குறை. முதல் தடவை அனுப்பினான். கேட்டார்கள், மறுபடி அனுப்பினான். அந்தக் காலத்தில் பணம் என்றால் டிரங்குப் பெட்டியில் இருக்கும், பெட்டிமேல் நான் உட்கார்ந்துகொள்ளலாம். இது உட்கார்ந்த இடத்தில் கட்டைவிரலால் போகிறது. எதன்மேல் போய் நான் உட்கார?

மூன்றாவது தடவையோடு தளத்துப் பணம் தீர்ந்தது. அதோடு குரலும் தீர்ந்தது. நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பொம்பளைக் குரல் சொன்னது. போலீஸில் எழுதிக் கொடுத்தோம். வாங்கி வைத்திருக்கிறார்கள்.

ஐப்பசி மழை தளம் இல்லாத சுவருக்குள் நேராகப் பெய்தது. தார்ப்பாய் கட்டி ஒரு மூலையில் இருக்கிறோம். சுவருக்கு வாங்கின கல் நல்ல கல், நானே தட்டி எடுத்தது. அது தாங்கும். ஊரில் மகனை லட்சாதிபதி என்று கூப்பிடுகிறார்கள். டீக்கடையில் பத்து ரூபாய் நீட்டினால் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது தப்பாக அடித்ததா என்று கேட்கிறார்களாம். அவன் டீக்கடைக்குப் போவதை விட்டான். வேனை எடுப்பதையும் விட்டான். குதிரில் கிடந்த காசை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தேன். அவன் என் கையிலேயே திரும்ப வைத்து மூடிவிட்டான். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பணம் போன பிறகு, நீதானே முதலில் சொன்னாய் என்று ஒருநாளும் அவன் கேட்கவில்லை.

அதனால்தான் பேத்தியை உட்கார வைத்து இதை எழுதச் சொன்னேன். ஊர் அவனைப் பார்த்துச் சிரிக்கிறது. மேஸ்திரியும் பக்கத்து வீட்டுக்காரியும் அன்றைக்கு நான் பேசினதைக் கேட்டுத் தலையாட்டினவர்கள்தான், இன்றைக்கு அவர்களுக்கு அது ஞாபகம் இல்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது. அச்சுத் தப்பு என்ற முதல் வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. விரல் வைக்காமல் சொன்னவள் நான். அதன்பிறகு எத்தனை முறை சரியாகச் சொல்லியும் அந்த முதல் வார்த்தையைத் திரும்ப எடுக்க என்னால் முடியவில்லை. இப்போதும் முடியவில்லை. எழுதிவைத்தால் தளம் வந்துவிடாது, தெரியும். வேறு எதுவும் செய்ய எனக்குத் தெரியவில்லை.

புதுநிலைக்கு அடியில் வேறு காசு போட்டாகிவிட்டது, இந்த இரண்டுக்கும் அங்கே இடம் இல்லை. சுருக்குப்பையில் கிடக்கின்றன. சும்மா இருக்கும்போது எடுத்துச் சேர்த்து வைப்பேன். இப்போதும் அதே இடத்தில் அசையாமல் உட்காருகின்றன.

எழுதினது போதும். உங்கப்பன் தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான், தூங்கவில்லை. முதலிலிருந்து படித்துக் காட்டு, கண்ணு. மேஸ்திரி முன்னால் அச்சுத் தப்பு என்று நான் சொன்ன இடம் வரும்போது கொஞ்சம் சத்தமாகப் படி.